பீடி நின்றதும் மருந்து கூடிவிட்டதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மனச்சிதைவு நோய்க்காக என் அண்ணனை ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்துப் பதினோரு நாட்கள் ஆகின்றன. வளாகத்துக்குள் பீடி, சிகரெட் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் இருக்கும் தடைதான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இருபது வருடமாக நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர் அவர். நேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. தலையணை உறை எச்சிலில் நனைந்திருந்தது. மஞ்சள் படிந்த இரண்டு விரல்களை உதட்டருகே கொண்டுபோய்க்கொண்டே இருந்தார்.

அவர் சாப்பிடுவது குளோசபின். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாகச் சிதைக்கின்றன. புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடும். நிக்கோட்டின் சூயிங்கம்முக்கு அந்த விளைவு கிடையாது. சேர்க்கும்போது பீடிப் பழக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நர்ஸிடம் நேற்றே சொல்லிவிட்டேன்; நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா? ரத்தத்தில் குளோசபின் அளவைத் தமிழ்நாட்டில் எங்கே பரிசோதிக்கிறார்கள்? வீடு திரும்பி மறுபடி பீடி பற்றவைத்தால் மருந்தின் அளவு இறங்கிவிடுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? மனநல வார்டில் பணிபுரியும் செவிலியர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.