ஒரே இதழில் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் படிப்பார்களா? உங்கள் அனுபவம் என்ன?

கொடைக்கானலிலிருந்து:

2018, குறிஞ்சி பூத்த வருஷம். நான் பயணப் பத்தி எழுதும் மாத இதழில் அதைப் பற்றித்தான் எழுதினேன். அதே இதழில் தோட்டப் பத்தி எழுதுபவரும் குறிஞ்சிதான்! 2006-ல் பூத்தது, இனி 2030-ல் என்று இருவருமே கணக்குப் போட்டிருந்தோம். ஏரிக்கரை டீக்கடையில் ஒரு வாசகர், "ரெண்டு பேருக்கும் ஒரே டியூஷன் வாத்தியாரா சார்?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். மூன்று வாரம் முன்பே எழுதி அனுப்பிவிடுகிறோம். பக்கத்துப் பக்கத்தில் என்ன வருகிறது என்று அச்சாகி வந்தால்தான் தெரியும். வந்த பிறகாவது படித்தேனா? இல்லை. என் பக்கத்தில் எத்தனை வரி வெட்டினார்கள் என்று பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மற்றவர்கள் எப்படி?

பெருமாள்மலையிலிருந்து:

இருபது வருஷம் பத்திரிகைக் கடை வைத்திருந்தவன் நான். வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். சீசனுக்கு வந்த ஒரு தொடர் எழுத்தாளர் கட்டைப் பிரிக்கும்வரை நின்றார். விரலை எச்சில் தொட்டு நேரே தன் பக்கம். நின்றபடியே முழுசும் படித்தார், படத்தைப் பார்த்தார், மூடி அடுக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாங்கக்கூட இல்லை! நாலு பக்கம் தள்ளிச் சமையல் எழுதும் அம்மா எதிரே வந்து நின்றாலும் அவருக்கு யாரென்று தெரிந்திருக்காது.

பண்ணைக்காட்டிலிருந்து:

நான் ஒரு விவசாய இதழில் காப்பி பற்றி எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் ஒரு கால்நடை மருத்துவர். எங்கள் மாட்டுக்கு மடிநோய் வந்தபோது அவர் பத்தியை வெட்டித் தொழுவத்தில் ஒட்டி வைத்திருந்தேன். தேவை வந்ததால் படித்தேன், அவ்வளவுதான். ஒரு பயிற்சி முகாமில் அவரைப் பார்த்து இதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். நாலு வருஷமாக எதிர்ப்பக்கத்தில் இருக்கிறேன் டாக்டர் என்றேன். மனுஷன் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த மாதம் போன் வந்தது. "நிழல் குறைஞ்சு வெயில் பட்டா அரபிகா காப்பிச் செடியில வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்கும்னு முதல் பத்தியில எழுதியிருக்கீங்க. கடைசியில நிழல் மரமான சில்வர் ஓக் கிளையை நல்லா கழிச்சு விடச் சொல்றீங்களே, எதைச் செய்யறது?" பகீரென்றது. மழைக்கு முன் அளவாகக் கழிப்பதைத்தான் சொல்ல வந்தேன், "அளவாக" என்பதையே எழுதவில்லை. ஆசிரியர் பார்த்தார், பிழை திருத்துபவர் பார்த்தார், காப்பிக்காரர்கள் எத்தனையோ பேர் படித்தார்கள். கண்டுபிடித்தவர் மாட்டு டாக்டர். அதிலிருந்து மாதாமாதம் பேசிக்கொள்கிறோம். நானும் அவர் பக்கத்தை மாடு நன்றாக இருக்கும்போதே படிக்கிறேன்.

மீண்டும் பெருமாள்மலை:

எங்கள் மலையடிவாரத்துக்காரர் எழுத்தாளர் பி.எஸ். ராமையா. அந்த 'பி' பத்தலகுண்டு, அதாவது நம்ம வத்தலக்குண்டுதான். 1933-ல் தொடங்கிய மணிக்கொடி இதழில் எழுதி, பிறகு அதன் ஆசிரியராகவும் இருந்தவர். கூட எழுதியவர்களைப் பற்றி 'மணிக்கொடி காலம்' என்று ஒரு புத்தகமே எழுதினார், சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. அப்படியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் சார்.

கொடைக்கானலிலிருந்து:

அது நண்பர்கள் கூடி நடத்திய பத்திரிகை ஐயா. எங்கள் இதழில் எழுதுகிறவர்களில் பாதிப்பேரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் டாக்டர் கதை உறுத்திவிட்டது. இன்று காலை வந்த இதழை எடுத்துத் தோட்டப் பத்தியை, எட்டு வருஷத்தில் முதல்முறையாக, முழுசாகப் படித்தேன். நன்றாகவே எழுதுகிறார். பொருள்: பூம்பாறை மலைப்பூண்டு, 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு.

அடுத்த இதழுக்கு நான் போன வாரம் அனுப்பியதும் பூம்பாறைப் பூண்டுதான். ஆசிரியருக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார்.