கரண்ட் வந்து வந்து போகுது, போர் மோட்டாரைக் காப்பாற்றுவது எப்படி?

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாருங்க. கரண்ட் வந்த அடுத்த நொடியே ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடுகிறது. காயில் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாமுங்க?

கோபி மெக்கானிக்:
பயம் சரிதாங்க. நேரடியாகக் கிளம்பும்போது மோட்டார், ஓடும் கரண்டைவிட 5 முதல் 7 மடங்கு இழுக்கும், அந்தச் சூடு ஆறுவதற்குள் மறுபடியும் போட்டால் சூட்டின்மேல் சூடு ஏறி காயில் கம்பியின் மேல்பூச்சு (இன்சுலேஷன்) கருகிவிடும். கரண்ட் வந்து 5 நிமிடம் கழித்தே மோட்டார் கிளம்பும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரில் டைமரைக் கூட்டி வையுங்க. மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டர் இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்க.

காங்கயத்துக்காரர்:
அண்ணன் சொன்னதோடு, தண்ணீரைத் திரும்பக் கீழே இறங்க விடாத என்.ஆர்.வி. வால்வையும் பாருங்க. அது கசிந்தால் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கி பம்பைத் தலைகீழாகச் சுற்றும், அந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் ஷாஃப்ட்டே (சுழலும் தண்டு) முறியலாம்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
சரிங்க, இன்றைக்கே டைமரை மாற்றிவிடுகிறேன். வால்வு பார்க்கக் குழாயைத் தூக்க வேண்டுமா?

கோபி மெக்கானிக்:
மேலே இருக்கிற வால்வென்றால் வேண்டாங்க.