எட்டு மாதத்தில் மூன்று தேர்தல்: யாழ்ப்பாணத்தார் மனம் மாறினவையோ, புள்ளடி மட்டும் மாறினதோ?

கொக்குவிலான்:
கனநாளாய் மனசில கிடக்கிற கேள்வி. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில யாழ் தேர்தல் மாவட்டத்தில அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது 27,086 வாக்கு. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில அதே மாவட்டத்தில அவற்ர தேசிய மக்கள் சக்தியின்ர திசைகாட்டிச் சின்னத்துக்கு 80,830. இடையில ரெண்டு மாதம் கூட இல்லை. ஆறு ஆசனத்தில மூண்டு அவைக்குப் போச்சு. 1994 இலிருந்து பாராளுமன்றத்தில இருந்த ஈபிடிபியின்ர (வீணைச் சின்னம்) டக்ளஸ் தேவானந்தா தோத்தார், தமிழரசுக் கட்சியின்ர சுமந்திரன் தோத்தார். பேந்து 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில தமிழரசின்ர வீட்டுச் சின்னம் திரும்ப முன்னுக்கு வந்திட்டுது. யாழ் மாநகர சபையில 45 பேரில தமிழரசுக்கு 13, தமிழ்க் காங்கிரசின்ர சைக்கிளுக்கு 12, திசைகாட்டிக்கு 10.

என்ர நிலைப்பாட்டைச் சொல்லுறன். நவம்பரில நடந்ததுதான் உண்மையான மாற்றம். பழைய கட்சியள் அறிக்கை விட்டுக்கொண்டு இருக்க, சனம் விலைவாசி, வேலை, ஊழல் எண்டு யோசிக்கத் துவங்கிட்டுது. மே மாதம் நடந்தது கானும் குப்பையும் பற்றின தேர்தல். அதை வைச்சு நவம்பரை அழிக்கேலாது.

மறவன்புலத்தார்:
தம்பி, 80,830 எண்டு எழுதினீர், அது எத்தினை வீதம் எண்டு எழுதேல்லை. 24.85. நாலு பேரில மூண்டு பேர் திசைகாட்டிக்குப் போடேல்லை. கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம் எப்பிடி வந்தது எண்டதை முதல் பார்க்கவேணும்.

எங்கட முறையில மாவட்டத்தில முதலாவதா வாற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் இருந்த ஐஞ்சு ஆசனத்தை, 5 வீதத்துக்குக் குறைய எடுத்தவையைத் தள்ளிப்போட்டுப் பங்கிடுவினம். திசைகாட்டிக்கு ஒண்டு போனஸ், ஒண்டு ஒரு ஆசனத்துக்கு வேண்டிய முழு வாக்கு எண்ணிக்கைக்கு, மற்றது மிஞ்சின வாக்குக்கு. தமிழரசு எடுத்தது 63,327, சங்குச் சின்னத்தில நிண்ட ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22 ஆயிரம் சொச்சம். ரெண்டையும் கூட்டிப் பாரும், 85 ஆயிரம் தாண்டும். இவை ஒண்டாய் நிண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2023 ஜனவரியில உடையாமல் இருந்திருந்தால் போனஸ் வீட்டுக்குத்தான். கணக்கு அப்பிடியே திரும்பி வீட்டுக்கு மூண்டும் திசைகாட்டிக்கு ரெண்டுமாய் நிண்டிருக்கும். அப்ப நீர் "சனம் மனம் மாறிட்டுது" எண்டு எழுதியிருப்பீரோ?

2015 இல கூட்டமைப்புக்கு ஏழில ஐஞ்சு. 2020 இல ஏழில மூண்டு. 2024 இல தமிழரசுக்கு ஆறில ஒண்டு. இது பத்து வருசமாய்த் தேஞ்சு வந்தது. ஒரு நவம்பர் மாதத்தில நடந்த அதிசயமில்லை.

கொக்குவிலான்:
ஐயா, கணக்குச் சரி, ஏற்கிறன். ஆனால் உங்கட கணக்கில ஒரு கேள்விக்கு மறுமொழி இல்லை. கூட்டமைப்பு உடைஞ்சால் வாக்குச் சிதறும், சரி. அந்த வாக்கு சிதறிச் சங்குக்கோ சைக்கிளுக்கோ போகலாம். திசைகாட்டிக்கு 80 ஆயிரம் பேர் எங்கையிருந்து வந்தவை?

ஸ்காபரோ அண்ணை:
தம்பிமார், நான் ஊரைவிட்டு வந்து கனகாலம். ஆனால் வாக்குப் பற்றி எங்கட சனத்துக்கு இருக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துறன். 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் பகிஷ்கரிக்கச் சொல்ல, யாழ்ப்பாணத்தில நூற்றுக்கு ஒருத்தர்தான் போய் வாக்குப் போட்டது. ரணில் தோத்தது ஏறக்குறைய 1,80,000 வாக்கால. 2010 இல அதே சனம் சரத் பொன்சேகாவுக்குப் போட்டது. இறுதிப்போரில இராணுவத் தளபதியா இருந்த மனுசனுக்கு! அவரில அன்பிலயோ போட்டது? ராஜபக்ச வரக்கூடாது எண்டு போட்டது. 2015 இல மைத்திரி, 2019 இல சஜித், அதே காரணம். 2019 இல யாழ் மாவட்டத்தில சஜித்துக்கு 83 வீதத்துக்கு மேல. 2024 செப்டெம்பரில அந்தச் சஜித்துக்கு 1,21,177 தான், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1,16,688, ரணிலுக்கு 84,558. ராஜபக்ச வெல்லுவார் எண்ட பயம் இல்லாத தேர்தலில சனம் மூண்டாப் பிரிஞ்சு நிண்டது.

அதால வாக்கை வைச்சு மனசை அளக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு உள்ள நோவு வேற. வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிரா உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) காரர். 2006 ஒக்டோபரில தீர்ப்பு வந்து, 2007 ஜனவரியோட ரெண்டு மாகாணமும் பிரிஞ்சது. இப்ப திசைகாட்டியின்ர முதுகெலும்பு அதே கட்சிதான். இது தெரிஞ்சும் போட்டினமோ, தெரியாமல் போட்டினமோ?

உரும்பிராய்ப் பொடியன்:
அண்ணை, தெரிஞ்சுதான் போட்டன். நான் 2002 இல பிறந்தவன். இணைப்பு வழக்குப் பற்றி அப்பா சொல்லித் தெரியும். ஆனால் 2021 இல இரசாயனப் பசளையைத் தடை செய்ய எங்கட உருளைக்கிழங்குத் தோட்டம் என்ன பாடு பட்டது எண்டதை ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை, நான் அங்க நிண்டனான். 2022 இல மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் வரிசையில நிண்டனான். அந்த நேரம் எங்கட எம்பிமார் கதைச்சது மாகாணங்களுக்கு அதிகாரம் குடுக்கிற 13 ஆவது திருத்தம். அது பிழையெண்டு சொல்லேல்லை. ஆனால் வரிசையில நிக்கிறவனுக்கு ஒரு சொல்லாவது வேணும்.

நவம்பரில திசைகாட்டிக்குப் போட்டன். மே மாதம் போடேல்லை. ஏனெண்டால் மார்ச் 28 அரச வர்த்தமானி அறிவித்தல். வடக்கில சுமார் 5,900 ஏக்கருக்கு மூண்டு மாதத்துக்குள்ள உரிமை கோராட்டில் அரச காணி எண்டு வந்தது. 1995 இடப்பெயர்வில கையில கிடைச்சதைத் தூக்கிக்கொண்டு போன சனத்திட்ட காணி உறுதி எங்க கிடக்கு? சொந்தக்காரர் பாதிப்பேர் வெளிநாட்டில. எங்கட அப்பப்பாவின்ர உறுதியும் தென்மராட்சிக்குப் போற வழியில துலைஞ்சது. அதை வாசிச்ச அண்டைக்கே முடிவெடுத்தன். என்ர மனம் மாறினதெண்டு நீங்கள் எப்பிடியும் எழுதுங்கோ. ரெண்டு தரமும் காரணத்தோடதான் போட்டன்.

மறவன்புலத்தார்:
தம்பி, உம்மைப்போல ஆக்கள் இருக்கினம், மறுக்கேல்லை. ஆனால் கொக்குவிலான் கேட்ட 80 ஆயிரத்துக்கு மறுமொழி தேடிப்பார்த்தன். 2020 இல யாழ்ப்பாணத்தில வீணைக்கு 45 ஆயிரம். அங்கஜன் நிண்ட சுதந்திரக் கட்சிக்கு 49 ஆயிரம். சேர்த்தால் 94 ஆயிரம் தாண்டும். இவை எந்தக் காலத்திலயும் தமிழ்த் தேசிய வாக்கில்லை. அரசாங்கத்தோட நிண்டால் ரோட்டு வரும், வேலை வரும் எண்டு போட்ட வாக்கு. 2024 இல வீணை 17 ஆயிரத்துக்கு விழுந்தது, அங்கஜனுக்கு ஆசனமே இல்லை. அந்த வாக்குத்தான் புது அரசாங்கத்தின்ர சின்னத்துக்குப் போயிருக்கு. அப்ப அதுவும் பழைய மனம்தான். கப்பல் மாறினது, துறைமுகம் மாறேல்லை.

கொக்குவிலான்:
இதை நான் யோசிக்கேல்லை. நல்ல கருத்து, எண்டாலும் முழுக்க ஒப்பமாட்டன். வீணைக்குப் போட்டவர் எல்லாரும் திசைகாட்டிக்குப் போனவை எண்டு ஆர் கண்டது? பெட்டியில விழுந்த சீட்டில பேர் இல்லை. மாவட்ட மொத்தத்தை மாத்திரம் பார்த்து, இந்த வாக்கு அங்கையிருந்து இங்க வந்தது எண்டு அடிச்சுச் சொல்லேலாது. சிலர் வீணையிலிருந்து வந்திருப்பினம், சிலர் வீட்டுச் சின்னத்திலிருந்து. சில பழைய வாக்காளர் வாக்குப் போடவே போகேல்லை, பொடியன் மாதிரிப் புதுசாப் போட்டவையும் இருக்கினம்.

இன்னுமொண்டு. ஜனாதிபதித் தேர்தலில அநுர வெல்லுவார் எண்டு யாழ்ப்பாணத்தில கனபேர் நம்பேல்லை. வெண்ட பிறகு வந்த தேர்தலில போடுறது வேற மாதிரி. பலாலிப் பக்கம் 30 வருசத்துக்கு மேல மூடிக் கிடந்த வீதி தேர்தலுக்குக் கொஞ்சம் முதல் திறந்ததும் கண்ணுக்கு முன்னால நடந்தது.

பருத்தித்துறை ரீச்சர்:
நான் தேர்தல் கடமைக்குப் போறனான், அதால கட்சி சொல்லமாட்டன். எங்கட அம்மா எப்பிடிப் போட்டவ எண்டு மாத்திரம் எழுதுறன். ஒளிக்கச் சொல்லி அவ சொல்லேல்லை, ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

அம்மாவுக்கு 71 வயசு. செப்டெம்பரில அரியநேத்திரன்ர சங்கு. நவம்பரில திசைகாட்டி. மே மாதம் வீடு. இந்த விவாதத்தை வாசிச்சால் எட்டு மாதத்தில மூண்டு தரம் மனம் மாறின மனுசி எண்டு நினைப்பியள். நான் ஒவ்வொரு தரமும் கேட்டனான். "சங்குக்குப் போட்டது நாங்கள் இருக்கிறம் எண்டு காட்ட. அவர் வெல்லமாட்டார் எண்டு தெரியும்" எண்டா. நவம்பரில, "இவை தங்களுக்குள்ள அடிபட்டுக்கொண்டு வருகினம், ஒருக்கால் தோத்தால்தான் சேருவினம். மற்றது, வந்திருக்கிறவங்கள் களவெடுக்கமாட்டாங்கள் போல கிடக்கு" எண்டா. மே மாதம் எங்கட வட்டாரத்தில வீட்டுச் சின்னத்தில நிண்ட பிள்ளையை, அவள் கைக்குழந்தையா இருக்கேக்க அம்மா தூக்கினவ. மழைக்கு வெள்ளம் நிண்டால் அவளிட்டத்தான் போய்ச் சொல்லவேணும். உள்ளூராட்சியில 60 வீதம் வட்டாரத்துக்குத்தானே, ஆளைப் பார்த்துத்தான் போடுவினம்.

மூண்டுக்கும் அம்மாவிட்ட மூண்டு அளவுகோல் இருந்தது. அந்த மூண்டும் அவவிட்ட 2010 இலயும் இருந்தது. தேர்தல் மாற மாற ஒவ்வொண்டு மேல வருது, அவ்வளவுதான்.

ஸ்காபரோ அண்ணை:
ரீச்சர், உங்கட அம்மாவுக்கு என்ர வணக்கம். ஆனால் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. உள்ளூரில "ஒருக்கால் தோத்தால்தான் சேருவினம்" எண்டு போடுற வாக்கை, வெளியில உலகம் "தமிழர் தங்கட கோரிக்கையைக் கைவிட்டிட்டினம்" எண்டுதான் வாசிக்கும். நவம்பர் முடிவு வந்த கிழமை தென்னிலங்கையில எத்தினை பேர் அப்பிடி எழுதினவை! இனப்பிரச்சினை முடிஞ்சுது எண்டு. வாக்குப் போட்ட காரணம் பெட்டிக்குள்ள போகாது, எண்ணிக்கை மட்டும்தான் வெளிய வரும். அதுதான் என்ர பயம்.

உரும்பிராய்ப் பொடியன்:
அண்ணை, ஆர் எப்பிடி வாசிப்பினம் எண்டு பயந்து காலம் முழுக்க ஒரே சின்னத்துக்குப் போடேலுமோ? அப்பிடிப் போட்டபடியால்தானே எங்கட ஆக்கள் எங்களைத் திரும்பிப் பாராமல் இருந்தவை. நவம்பரில தோத்தபடியால்தான் மே மாதம் வீடுவீடா வந்தவை. எங்கட ஒழுங்கைக்குள்ள தமிழரசுக்காரர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

மறவன்புலத்தார்:
பொடியன் சொன்ன கடைசி வரி எனக்குச் சுடுது, ஏனெண்டால் உண்மை. நான் 1977 இலிருந்து வாக்குப் போடுறன். அண்டைக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணியின்ர உதயசூரியனுக்குப் போட்டது தனிநாடு எண்ட ஒரு ஆணைக்கு. வேட்பாளர் ஒழுங்கைக்குள்ள வாறாரோ எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை. 18 ஆசனம் எடுத்து அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரா வந்தார். அந்தப் பழக்கம் எங்களோடயே நிண்டிட்டுது. என்ர மகனுக்கு இல்லை. இதை "மனமாற்றம்" எண்டு கொக்குவிலான் சொன்னால், அந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளுறன். திசைகாட்டிக்கு மாறினது எண்ட அளவுக்கு இல்லை.

கொக்குவிலான்:
ஐயா, நானும் ஒரு அடி பின்னுக்கு வாறன். மே மாத முடிவு கானும் குப்பையும் எண்டு எழுதினது அவசரம். பொடியன் சொன்ன வர்த்தமானி கானில்லை, காணி. ஆனால் நாடு முழுக்கவே தேசிய மக்கள் சக்தி நவம்பரில 61.56 வீதத்திலிருந்து மே மாதம் 43.26 க்கு இறங்கினது எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ. காலியிலயும் அம்பாந்தோட்டையிலயும் காணி வர்த்தமானி வரேல்லை. யாழ்ப்பாணத்து வாக்கை எப்பவும் தனிக் கதையாச் சொல்லிப் பழகிட்டம். சிலவேளை நாங்களும் மற்ற ஆக்கள் மாதிரித்தான் போட்டிருக்கிறம்.

உண்மையான சோதனை வடக்கு மாகாணசபைத் தேர்தல். கடைசியா 2013 செப்டெம்பரில நடந்தது, கூட்டமைப்புக்கு 38 இல 30. 2018 ஒக்டோபரோட சபை முடிஞ்சது. அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கேல்லை. ரீச்சர், அது வந்தால் அம்மா எந்த அளவுகோலை எடுப்பா?

பருத்தித்துறை ரீச்சர்:
இப்பதான் கேட்டன். மீன் வெட்டிக்கொண்டு இருந்தவ. "முதல் தேர்தலை வைக்கச் சொல்லு. பேந்து ஆர் ஆர் நிக்கினம், சேர்ந்து நிக்கினமோ பிரிஞ்சு நிக்கினமோ எண்டு வந்து சொல்லு" எண்டவ.