குழம்பு வாளி தூக்குனா தலைவரா?

பனங்காட்டான்: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, அவங்க சேகரத்து (பல சபை சேர்ந்த வட்டாரம்) ஐயர், அதாவது சர்ச் பாதிரியாரு, அசனத்துல, அதான் கோயில் பொது விருந்துல, குழம்பு வாளி தூக்கி பரிமாறுனாராம், அதனால அவருதான் உண்மையான தலைவராம். நானும் அந்தப் பந்தியில இருந்தேன். ஐயர் அங்கிய கூட கழட்டல, பதினோரு இலைக்குத்தான் ஊத்துனாரு, போட்டோ எடுத்ததும் வாளி வாலிபப் பையன் கைக்குப் போயிட்டு. யோவான் 13-ல இயேசு வஸ்திரத்த கழட்டி வச்சிட்டு சீலைய அரையில கட்டிக்கிட்டுதான் சீஷருங்க கால கழுவுனாரு.

கோயில்மணி: அண்ணாச்சி, பதினோரு இலை இல்ல, ரெண்டு வரிசை. என் இலையில ஊத்துனதே ஐயர்தான்.

பனங்காட்டான்: ரெண்டாவது வரிசைக்கு ஊத்துனது ஐயருக்கு உதவியா இருக்கிற உபதேசியாரு. பதினோரு இலை, நான் எண்ணுனேன்.

வேதமாணவி: தலைவர்னா யாருன்னு பேசாம இலைய எண்ணிட்டு இருக்கீங்களே. நம்ம வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா ஐயர பாருங்க. 1910-ல எடின்பரோ மாநாட்டுல வெள்ளக்கார மிஷனரிங்க முகத்துக்கு நேரா எங்களுக்கு நண்பர்களா இருக்கிறவங்கள தாங்கன்னு கேட்டாரு. 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனாரு, ஆகியும் தெலுங்கு நாட்டு தோர்னக்கல்ல தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா சனங்க மத்தியிலயே சாகுற வரைக்கும் ஊழியம் செஞ்சாரு.

பனங்காட்டான்: அக்கா, அசரியா ஐயர எனக்கு சொல்லித்தர வேண்டாம், எங்க ஊரு அவருக்குப் பக்கத்து ஊருதான். அவரு சனத்தோட சனமா இருந்தாரு, இவரு பரிமாறிட்டு உள்ள ரூம்ல தனி மேசையில கமிட்டிக்காரங்களோட சாப்பிட்டாரு, அந்த மேசைக்கு மட்டும் கறி தனியா போச்சு.

கோயில்மணி: அவருக்கு சுகர், அதனால நேரத்துக்கு சாப்பிடணும். உங்களுக்கு கமிட்டி எலெக்‌ஷன்ல தோத்த கோவம் இன்னும் தீரல, அதான் விஷயம்.

பனங்காட்டான்: தோத்தேன்தான், அதுல என்ன வெக்கம்? போன வருஷத்து அசனக் காணிக்கை கணக்க நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொன்னேன், அதுக்குத்தான் தோக்கடிச்சீங்க. கணக்கு இன்னும் ஒட்டல.

கோயில்மணி: கணக்கு ஆடிட்டர்கிட்ட இருக்கு.

ஊர்க்குருவி: அசனத்துல குழம்பே பத்தல, கடைசிப் பந்தியில எங்க அம்மா வெறும் சோத்தோட எந்திரிச்சாங்க. அத யாராச்சும் கேட்டீங்களா?

பனங்காட்டான்: தம்பி, அதத்தான் நானும் சொல்லுதேன். கடைசிப் பந்தி வரைக்கும் வாளிய புடிச்சிருந்தா குழம்பு பத்தலன்னு ஐயருக்கே தெரிஞ்சிருக்கும்ல, பதினோரு இலையோட போயிட்டாரே.

கோயில்மணி: ரெண்டு வரிசை.

பனங்காட்டான்: போட்டோவ போடுங்க, எண்ணிருவோம்.