ஈரத்துண்டா, வீடியோவா? மொட்டை மாடியில் கோல்ஃப் பழகுகிறவனுக்கு வழி சொல்லுங்கள்

ஷூக்காரன் (சத்துவாச்சாரி)

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. சரக்கு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் கோல்ஃப் ஆடுகிறவர்கள். போன வருடம் முதலாளி, "நீயும் கத்துக்கோப்பா, கூடப் போய் நிக்க ஆள் வேணும்" என்றார். பழைய செட் ஒன்று வாங்கி, மொட்டை மாடியில் வலை கட்டி, தினமும் வெயில் ஏறுவதற்கு முன் அடிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் சென்னையோ பெங்களூரோ போய்த் திறந்த வெளியில் அடிப்பது. ஒன்று 140 கிலோமீட்டர், இன்னொன்று 210. டோலுக்கும் டீசலுக்குமே சரியாகப் போகிறது.

சென்னையில் ஒரு கோச்சிடம் 6 வகுப்பு போனேன். இடது முழங்கை மடங்கக் கூடாது, வலது முழங்கை விலாவை ஒட்ட வேண்டும், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், தலை அசையக் கூடாது, மணிக்கட்டைச் சீக்கிரம் அவிழ்க்கக் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் பந்து முன்னால் நின்றால் மண்டைக்குள் கிராமசபைக் கூட்டம். ஆளாளுக்குப் பேசி முடிப்பதற்குள் கிளப், அதாவது பந்தை அடிக்கிற மட்டை, தரையில் குத்திவிடுகிறது.

போன வாரம் வாலாஜாவிலிருந்து மாமா வந்திருந்தார். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துண்டின் முனையில் ஒரு முடிச்சு போட்டு, "இத புடிச்சி வீசு. முடிச்சு உன் கைக்குப் பின்னாலயே வரணும், நீ அத தள்ளக் கூடாது" என்றார். பத்துத் தடவை வீசினேன். அதே நினைப்போடு 7 அயர்ன் என்கிற இரும்புத்தலைக் கிளப்பை எடுத்து அடித்தேன். "டொக்" என்று ஒரு சத்தம். கையில் அதிர்வே இல்லை. இளநுங்கைச் சீவுகிற மாதிரி இருந்தது.

இனி கோச் வேண்டாம், இப்படி உணர்வு, மனப்படம் என்ற வழியிலேயே முழுசாகக் கற்றுக்கொள்ளலாமா?

கம்புப்பட்டறை (குடியாத்தம்)

தம்பி, மாமா காலில் விழுந்து கும்பிடுங்கள்.

எர்னஸ்ட் ஜோன்ஸ் என்று ஓர் ஆங்கிலேய ஆட்டக்காரர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஒற்றைக் காலில் நின்று அடித்துப் பார்த்தால் ஆட்டம் பெரிதாகக் கெடவில்லை. கால், இடுப்பு, தோள் என்று புத்தகங்கள் பிரித்துப் பிரித்துச் சொன்னதெல்லாம் அப்போது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. பிறகு அமெரிக்கா போய் ஆயுள் முழுக்க ஒரே பாடம்தான் நடத்தினார்: கிளப்பின் தலையை வீசு, உடம்பு தானாக வரும். அதற்கு அவர் கையில் வைத்திருந்த கருவி என்ன தெரியுமா? கைக்குட்டையின் முனையில் கட்டிய பேனாக்கத்தி. உங்கள் மாமாவின் ஈரத்துண்டேதான். துணியைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். அவசரப்பட்டால் அது தொய்ந்து காட்டிக்கொடுக்கும்.

நான் 20 வருடமாகச் சிலம்பம் சொல்லித் தருகிறேன். மணிக்கட்டை இத்தனை டிகிரி திருப்பு என்று ஒரு பையனிடமும் சொன்னதில்லை. "கம்பு உறுமணும்" என்பேன், அவ்வளவுதான். உறுமல் வந்தால் மணிக்கட்டு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மைக்ரோமீட்டர் (ராணிப்பேட்டை)

ஷூக்காரரே, நானும் மொட்டை மாடி கேஸ்தான், அதனால் சொல்கிறேன். உணர்வு பொய் சொல்லும். 2 வருடம் வலைக்குள் அடித்தேன். தினமும் இதே "டொக்", இதே நுங்கு. நான் ஒரு பிறவிக் கலைஞன் என்றே நினைத்திருந்தேன். முதல் தடவை பெங்களூரில் திறந்த ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) நின்றபோது முதல் 15 பந்தும் வலப்பக்கம் வளைந்து, மூன்று தடுப்பு தள்ளி நின்றவர் முன்னால் போய் விழுந்தது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் எளிது. கிளப் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் கிளப் முகம், அதாவது பந்தில் படுகிற தட்டைப் பக்கம், எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம்தான் கிளம்பும். "டொக்" என்பது பந்து நடு முகத்தில் பட்டதா என்பதை மட்டும் சொல்லும். முகம் திறந்திருந்ததா, அதாவது வலப்பக்கம் பார்த்ததா, என்பது காதுக்குக் கேட்காது. இன்னொன்று: வீசும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று பெரிய பெரிய வாத்தியார்களே பல காலம் எழுதினார்கள். ரேடார் வந்து அளந்த பிறகுதான், கிளம்பும் திசையை முகமே முக்கியமாகத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. உணர்ந்து உணர்ந்து ஆடியவர்கள்தானே அவர்களும்?

இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1985 வாக்கில் ஒரு கோச்சோடு உட்கார்ந்து ஸ்விங்கை, அதாவது வீசும் முறையை, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டினார். 1987இல் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தார், கடைசி நாள் 18 குழியிலும் "பார்", அதாவது ஒவ்வொரு குழிக்கும் விதித்த அடிக் கணக்கிலேயே முடித்தார். துண்டு சுற்றி வந்ததில்லை அது.

கம்புப்பட்டறை

மீட்டர் சார், ஒரு கணக்கு உங்களுக்கே பிடிக்கும். மேலிருந்து கிளப் பந்துக்கு வந்து சேரக் கால் நொடியோ கொஞ்சம் கூடவோ ஆகும். கண்ணால் பார்த்துக் கை பதில் செய்யவே மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி வேண்டும். இதற்கு நடுவில் முழங்கையைப் பற்றி எப்போது யோசிப்பது, எப்போது திருத்துவது? யோசித்து முடிக்கும்போது பந்து போயிருக்கும்.

ஸ்பெயின் ஆட்டக்காரர் செவெ பாயஸ்டெரோஸ் சின்ன வயதில் ஒரே ஒரு 3 அயர்னை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் கற்றவர். அமெரிக்காவின் பப்பா வாட்சன் முறையாக வகுப்பே போகாதவர்; 2012, 2014 என்று இரண்டு தடவை மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தார்.

மைக்ரோமீட்டர்

கடற்கரையில் பந்து எங்கே போனது என்று செவெ பார்த்தார் அண்ணே. 100 கெஜம் தள்ளி மணலில் விழுந்து அது அவருக்குப் பதில் சொன்னது. சத்துவாச்சாரி மொட்டை மாடியில் பத்தடியில் வலை. பந்து ஊமை. உணர்வு வழி தப்பென்று நான் சொல்லவில்லை, பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அது தப்பு.

கோட்டை அகழி

அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம்ம வேலூருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. மைதானமில்லாத கோல்ஃபையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்புப்பட்டறை

அகழிக்கு வணக்கம், சிரித்தேன். ஆனால் மீட்டர் சாருக்கு: நான் சொன்ன ஜோன்ஸ் நியூயார்க்கில் கட்டடத்துக்குள் வைத்தேதான் பாடம் எடுத்தார். வானத்தைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கானவர்கள் கற்றார்கள்.

மைக்ரோமீட்டர்

கட்டடத்துக்குள் பக்கத்தில் ஜோன்ஸ் நின்றார் அண்ணே! ஷூக்காரர் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிதான் நிற்கிறது.

வாசல்படி (பாகாயம்)

நான் பிசியோதெரபிஸ்ட். கோல்ஃப் ஆடியதில்லை, ஆனால் இந்தச் சண்டை எங்கள் துறையில் பழசு.

பக்கவாதம் வந்து மீண்டு நடக்கப் பழகுகிறவரிடம் "முட்டியை மடக்குங்க, பாதத்தைத் தூக்குங்க" என்றால் பல நேரம் உடம்பே விறைத்துக்கொள்ளும். தரையில் ஒரு ஸ்கேலை வைத்து "இதுதான் உங்க வீட்டு வாசல்படி, தாண்டி வாங்க" என்றால் கால் தானாகத் தூக்கும். வாரத்துக்கு நாலு பேரிடமாவது இதைப் பார்க்கிறேன்.

கோல்ஃபிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1999இல் கேப்ரியேல் வுல்ஃப் குழுவினர் புதிதாகக் கற்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் கை வீசுவதைக் கவனித்தது, இன்னொன்று கிளப் வீசுவதைக் கவனித்தது. கிளப்பைக் கவனித்தவர்களே இலக்குக்கு நெருக்கமாக அடித்தார்கள். அதற்கு முன் 1992இல் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர், எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே பட்டிங் (பந்தைக் குழிக்கு உருட்டுவது) பழகச் சொன்னார். மூளைக்கு விதிகளை அடுக்க இடமே தரவில்லை. பிறகு பதற்றம் ஏற்றிப் பார்த்தபோது, விதி படித்துக் கற்றவர்கள் தடுமாறினார்கள், இவர்கள் தடுமாறவில்லை.

கம்பு அண்ணன் துள்ளுவதற்கு முன் இதையும் கேளுங்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வில், கைதேர்ந்தவர்களுக்கு வெளிக்கவனம், அதாவது உடம்பை விட்டு வெளியே கவனிப்பது, உதவியது. கற்றுக்குட்டிகளோ உடம்பைக் கவனித்தபோதுதான் நன்றாக அடித்தார்கள். ஆக, கற்றுக்குட்டிக்கு எது நல்லது என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை.

மைக்ரோமீட்டர்

நன்றி மேடம். 1992 சோதனை பட்டிங் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். தரையில் பந்தை உருட்டுவது வேறு, முழு ஸ்விங் வேறு.

ஷூக்காரன்

இவ்வளவு பேர் பேசுவதைப் பார்த்துவிட்டு நேற்றுத் தண்ணீர்த் தொட்டி மேல் போனை வைத்து வீடியோ எடுத்தேன்.

துண்டு நினைப்பில் வீசும்போது கிளப்பைத் தோள் உயரத்தில் நிறுத்துகிறேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். வீடியோவில் பார்த்தால் கிளப் தலை கழுத்தைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குக் கீழே தொங்குகிறது. இரண்டாவது தடவை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன், இடுப்பு உயரம் என்றுதான் தோன்றியது. வீடியோவில் அதுதான் தோள் உயரம். மாமாவிடம் காட்டினேன். "யார்றா இவன்?" என்றார்.

மைக்ரோமீட்டர்

வேறென்ன சொல்ல.

கம்புப்பட்டறை

அவசரப்படாதீர்கள். கழுத்தைச் சுற்றினால் என்ன, பந்து எப்படிப் பட்டது? வீடியோவுக்கு அழகாக வீசப் பழகினால் வீடியோவில்தான் ஜெயிக்கலாம். எங்கள் பட்டறையில் கண்ணாடி கிடையாது, கேமரா கிடையாது. சாயங்காலம் 5 மணிக்கு மேற்கே முதுகைக் காட்டி நிற்கச் சொல்வேன். தன் நிழலைப் பார்த்துப் பையன் தானே சரிசெய்துகொள்வான்.

மைக்ரோமீட்டர்

அண்ணே, நிழல் என்றால் என்ன? பைசா செலவில்லாத வீடியோதானே அது!

கம்புப்பட்டறை

பாதி ஒப்புக்கொள்கிறேன். நிழல் வீசும்போதே காட்டும். வீடியோ வீசி முடித்து, சட்டையில் கை துடைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிய பிறகு காட்டும். அதற்குள் உடம்பு மறந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் கட்சிக்கே தலைவர் பென் ஹோகன்தானே? அளந்து அளந்து ஆடிய மனிதர். ஸ்விங் பாதையை விளக்க அவர் என்ன சொன்னார்? தோள் மேல் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொள், கிளப் அதற்குக் கீழேயே போகட்டும் என்றார். டிகிரி சொல்லவில்லை, படம் காட்டினார்.

மைக்ரோமீட்டர்

படம் காட்டட்டும். அது சரியான படமா என்று எதை வைத்து முடிவு செய்வது, அதுதான் என் கேள்வி. டூல்ரூமில் 26 வருடம் இருந்தவன் நான். இரண்டு பரப்பு சரியாக உட்காருகிறதா என்று ஃபிட்டர் கையால் தடவிச் சொல்வான், பெரும்பாலும் சரியாகவே சொல்வான். ஆனாலும் மார்க்கிங் ப்ளூ என்கிற நீலச் சாயம் தடவி ஒட்டிப் பார்க்காமல் எவனும் ஜாப்பை இறக்க மாட்டான்.

ஷூக்காரரே, வீட்டில் கேரம் பவுடர் இருக்கிறதா? கிளப் முகத்தில் மெலிதாகத் தடவுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தில் வட்டமாக அச்சு விழும். முழங்கையை நினைக்க வேண்டாம், துண்டையே நினையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடித்ததும் முகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கம்புப்பட்டறை

இது நல்ல யோசனை. சிலம்பத்திலும் நாங்கள் கம்பு நுனியில் விபூதியோ சுண்ணாம்போ தடவி விளையாடுவோம், யார் மேல் பட்டது என்று சட்டை சொல்லும்.

வலை ஊமை என்றாரே மீட்டர் சார், அதற்கும் ஒரு வழி. பந்திலிருந்து ஐந்தடி தள்ளி, ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கயிறு தொங்கவிடுங்கள். பந்து நடுவில் போனதா, வலக் கயிறு ஆடியதா என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

ஷூக்காரன்

ஞாயிறு காலை 5.30க்கு ஆரம்பித்தேன். துண்டு நினைப்பில் 20 பந்து: அச்சு நடுவில் 9, நுனிப்பக்கம் 8, தலையும் தண்டும் சேருகிற கழுத்துப் பக்கம் 3. கோச் சொன்ன முழங்கை நினைப்பில் 20 பந்து: நடுவில் 4, மீதியெல்லாம் சிதறல், இரண்டு பந்து மாடிச் சுவரில் பட்டு என் காலுக்கே திரும்பி வந்தது.

கம்பு அண்ணன் கொண்டாடுவதற்கு முன்: துண்டு நினைப்பில் போன 20இல் 14 பந்து வலக் கயிறை ஆட்டிவிட்டது. நடுவில் பட்ட 9இல் 7 அதில் அடக்கம். "டொக்" எல்லாம் பிரமாதமாகத்தான் கேட்டது.

அப்புறம் மூன்றாவதாக ஒன்று முயன்றேன், யாரும் சொல்லாதது. துண்டையும் விட்டுவிட்டு, இடக் கயிறைத் தொட வேண்டும் என்று மட்டும் நினைத்து 10 பந்து. 6 நடுவே போனது. ஏன் என்று தெரியவில்லை.

அம்மா வடகம் காயப் போட்ட பாயில் கேரம் பவுடர் விழுந்து வீட்டில் பெரிய ரகளை. இனி கிளப் எல்லாம் மாடிப்படி அறையில்தான்.

வாசல்படி

இடக் கயிறுதான் உங்கள் வாசல்படி. அதையே ஒரு வாரம் செய்து பாருங்கள், வேறெதையும் சேர்க்காதீர்கள்.

மைக்ரோமீட்டர்

10 பந்து போதாது மேடம், 50 வேண்டும். ஷூக்காரரே, கிரிப்பில் (கிளப்பைப் பிடிக்கிற பிடியில்) இடது கை விரல் கணு எத்தனை தெரிகிறது என்று ஒரு போட்டோ போடுங்கள். முகம் திறந்தே வந்தால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

கம்புப்பட்டறை

கிரிப்புக்கு நான் தடை சொல்லவில்லை. அது நின்றுகொண்டே சரிசெய்வது, வீசும்போது யோசிப்பதில்லை.

ஷூக்காரன்

போட்டோ சாயங்காலம் போடுகிறேன். வருகிற ஞாயிறு பெங்களூரு போகிறேன், காரில் இரண்டு இடம் இருக்கிறது. 4.30க்கு காட்பாடி ஸ்டேஷன் வாசல்.

கம்புப்பட்டறை

ஆம்பூரில் டீக்கு நிறுத்துவதானால் வருகிறேன். குடியாத்தத்திலிருந்து காட்பாடி வருவது எனக்குச் சுற்று, பள்ளிகொண்டா டோல் பக்கம் ஏறிக்கொள்கிறேன். துண்டு என்னிடம் இருக்கிறது.

மைக்ரோமீட்டர்

ட்ரைபாட் நான் கொண்டுவருகிறேன். துண்டைக் காரில் ஏறும்போதே நனைத்துக்கொண்டு வராதீர்கள் அண்ணே, அங்கே போய் நனைக்கலாம்.