மண்டலம் தங்குவதா, மாத்திரை போடுவதா?

மலைக்கோட்டையான்:
மாமா இறந்த பிறகு அத்தைக்குத் தூக்கமே இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒரு கவுன்சலரிடம் கூட்டிப்போனோம். இரண்டாவது முறை போனபோது அத்தை, "தினமும் சமயபுரத்தாளிடம் பேசுகிறேன், அவள் கேட்டுக்கொள்கிறாள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவள் திரும்பப் பேசுகிறாளா? குரல் கேட்கிறதா?" என்றாராம். அத்தை அதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம், மனம் பாதித்தவர்களைக் கூட்டிப்போகிற திருச்சி பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்கினார். உச்சிக்கால பூஜையில் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இப்போது நன்றாகத் தூங்குகிறார். மனநலம் படித்தவர்களுக்குச் சாமி என்றாலே ஏன் இந்த ஒவ்வாமை?

கருப்புச்சட்டை:
அத்தை தேறியதில் சந்தோஷம். ஆனால் துக்கம் நாள் போகப் போகத் தானாகவும் ஆறும். பெருமாளுக்கு எவ்வளவு பங்கு, காலத்துக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? என் தம்பிக்கு வந்தது துக்கம் இல்லை, மனச்சிதைவு நோய். 19 வயதில் ஆரம்பித்தது. பேய் என்றார்கள். மந்திரவாதி, வேப்பிலை அடி, பேய் ஓட்டக் கேரளத்துச் சோட்டானிக்கரை கோயில் என்று இரண்டரை வருடம் ஓடியது. இந்த நோயில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினம். அந்த இரண்டரை வருடத்தை எந்தச் சாமி திருப்பித் தரும்? மனநோயாளிகளைக் கூட்டிப்போகிற தர்கா ஊரான ஏர்வாடியை வேறு மறந்துவிட்டீர்களா? 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நம்பிக்கையின் பலன் அதுதான்.

இராமநாதபுரத்தான்:
தோழர், ஏர்வாடியை இழுத்ததால் சொல்கிறேன். எரிந்தது தர்கா அல்ல, அதைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்று. குடும்பத்தார் மாதாமாதம் பணம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பார்க்க ஆள் இல்லை, அதனால் சங்கிலி. ஒரே வாரத்தில் அரசு எல்லாக் காப்பகங்களையும் மூடி, 500 பேருக்கு மேல் பொறுப்பேற்றது. அந்த 500 பேரை அதுவரை யார் தேடினார்கள்? குணமாகிவிட்டது, போகலாம் என்று கனவில் உத்தரவு வரும் வரை பிள்ளையோடு தர்காவிலேயே படுத்துக்கிடக்கும் தாய்மார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களையும் பணம் கட்டிவிட்டுப் போனவர்களையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

மலைக்கோட்டையான்:
அப்படிச் சொல்லுங்கள். ஆதாரம் வேண்டுமென்றால் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வே இருக்கிறது. ரகுராம் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகளை வந்தபோதும் கிளம்பும்போதும் அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. மருந்தே இல்லாமல்!

கருப்புச்சட்டை:
மொத்தம் 31 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு கிடையாது. இவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வார்டு அக்கா:
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அந்த ஆய்வில் நீங்கள் இருவருமே தொடாத ஒன்று இருக்கிறது. அங்கே தனியாக எந்தச் சடங்கு வைத்தியமும் நடக்கவில்லை. கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி வேலைகள்தான். ஆனால் ஒவ்வொருவரோடும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கியிருந்தார். ஆறு வாரம்! எங்கள் வார்டில் ஆறு நாள் துணைக்கு ஆள் கிடைத்தாலே பெரிய விஷயம். இராமநாதபுரத்துத் தம்பி சொன்னதும் அதுதான்.

மலைக்கோட்டை ஐயா, குரல் கேட்கிறதா என்பது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கேட்ட நேரம்தான் தப்பு. சமயபுரத்தாளிடம் என்ன பேசுவீர்கள் அம்மா என்று கேட்டிருந்தால், அத்தை மாமாவைப் பற்றிக் கொட்டியிருப்பார். அது போகட்டும். குணசீலத்தில் கோயிலை ஒட்டி இருக்கிற மறுவாழ்வு மையம் உரிமம் பெற்றது, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். அத்தை அங்கேயா தங்கினார்? மாத்திரை கொடுத்தார்களா?

மலைக்கோட்டையான்:
இப்போதுதான் போனில் கேட்டேன். அங்கேதானாம். "ராத்திரி ஒண்ணு கொடுத்தாங்கடா, பிரசாதம் மாதிரி வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்கிறார்.

கருப்புச்சட்டை:
ஆக, தூங்க வைத்தது பெருமாள் இல்லை 😄

மலைக்கோட்டையான்:
சிரியுங்கள். அதே மாத்திரையை ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்திருந்தால் தலையணைக்கு அடியில்தான் கிடந்திருக்கும். விழுங்க வைத்தது யார்?

கருப்புச்சட்டை:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மாவும் தம்பிக்கு விபூதி பூசிவிட்டுத்தான் மாத்திரை தருகிறார். ஆனால் உங்கள் அத்தைக்கு அதிர்ஷ்டம். எங்களை அழைத்துப்போன இடங்களில் மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும் என்றார்கள்.

புதியவன்:
விவாதத்துக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். தம்பிக்கு 22 வயது. நாங்கள் சாப்பாட்டில் விஷம் வைப்பதாகச் சொல்லி மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. அம்மா நாளைக்கு ஏர்வாடி கிளம்பலாம் என்கிறார். போகலாமா?

இராமநாதபுரத்தான்:
தர்காவுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் அண்ணே, நானே அழைத்துப்போகிறேன். இப்போது அங்கே தவா-துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று அரசு மருத்துவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் மூன்று நாள் சாப்பிடாத பையனைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

வார்டு அக்கா:
நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வர மறுத்தால் 108-ஐ அழையுங்கள். எப்படிப் பேசி அழைத்துப்போவது என்று அரசின் மனநல உதவி எண் 14416-இல் கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், தாயத்து கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும். விஷம் இல்லை என்று அவனிடம் வாதாடாதீர்கள்.

கருப்புச்சட்டை:
தம்பி, எந்த ஊர்? திண்டுக்கல் பக்கம் என்றால் வண்டியோடு வருகிறேன்.