இரண்டு காலிலும் ஒரே பூட்டு

கயல்: இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று பழந்தின்னி வௌவால், இன்னொன்று வைரி என்ற சிறு வேட்டைப் பறவை. யாழினி இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். ஒன்று பகலில் பறக்கும், ஒன்று இரவில் பறக்கும் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரியப்பா, கொஞ்சம் சொல்லுங்களேன்.

அத்தை: வைரிக்கு என்ன மிடுக்கு! வௌவாலைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

பெரியப்பா: அப்படி ஒதுக்காதே தங்கச்சி. யாழினி, உன் கையை விரித்துப் பார். கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களும் உன் உயரத்துக்கு நீண்டு, நடுவே தோல் படர்ந்தால் அதுதான் வௌவால் இறக்கை. வைரிக்கு விரலெலும்புகள் ஒட்டிக் குறுகிவிட்டன. காற்றைத் தள்ளுவது இறகுகள்தான்.

கயல்: எது பெரியது?

பெரியப்பா: வௌவால்தான். இறக்கை விரித்தால் 1.2 மீட்டருக்கு மேல் போகும். வைரிக்கு 60 சென்டிமீட்டர் அளவுதான், எடையும் பெரும்பாலும் கால் கிலோவுக்குள். ஆனால் ஓணானை, அணிலைக்கூட அடித்துத் தூக்கிவிடும். படத்தில் கண் சிவப்பாக இருக்கிறதே, அது ஆண். பெண் இன்னும் பெரியது.

கயல்: வௌவால் ஒலியை வைத்துத்தானே வழி கண்டுபிடிக்கும்? அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

பெரியப்பா: அதை அடித்துவிடச் சொல். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள்தான் அப்படி. பழந்தின்னிக்குக் கண்ணும் மோப்பமும் போதும். முகத்தைப் பெரிதாக்கிப் பார், நரிக்குட்டி மாதிரி எவ்வளவு பெரிய கண்!

அத்தை: அட, ஆமாம் அண்ணா. தூங்கும்போது எப்படி விழாமல் தொங்குகிறது?

பெரியப்பா: எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். உடம்பின் எடை இழுக்க, தசையை எலும்போடு இணைக்கும் கால்விரல் நாண்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். தசைக்கு வேலையே இல்லை. இறந்த வௌவால்கூட கிளையில் தொங்கிக்கொண்டே இருக்கும். வைரி போன்ற வேட்டைப் பறவைகளின் காலிலும் இதே மாதிரி பூட்டு உண்டு. அங்கே அது இரையை நழுவவிடாமல் பிடிப்பதற்கு. ஒன்று முட்டையிடுவது, இன்னொன்று குட்டி போட்டுப் பால் கொடுப்பது. நெருங்கிய உறவே இல்லை. ஆனாலும் காலில் ஒரே ஏற்பாடு!

கயல்: இதையே முதல் வரியாக வைக்கப் போகிறாளாம். இறக்கையும் வரைந்துவிட்டாள், பாருங்கள்.

பெரியப்பா: அருமை! ஆனால் கட்டைவிரலை விட்டுவிட்டாளே. இறக்கையின் மேல் விளிம்பில் ஒரு கொக்கி நகம் இருக்கும், அதைப் பிடித்துத்தான் கிளையில் ஏறும். சேர்க்கச் சொல்.